வார்ட் வீதியில் ஒன்பது கரத்தைகள்

1928 பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, கண்டி வார்ட் வீதியின் நடுவே ஒரு தோட்டத்துரையின் மோட்டார் கார் இருமி இருமி நின்றுபோனது. சாரதி இறங்கி மூடியைத் திறந்து பார்த்தான். துரை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். பின்னால் வந்த ரிக்‌ஷாக்களும் வண்டிகளும் போகம்பறை வரை தேங்கின. அந்த வரிசையில் கெலிஓயாவிலிருந்து வந்த ஒற்றை மாட்டுக் கரத்தை ஒன்றும் இருந்தது. நாலு பக்கமும் பச்சைத் திரை. உள்ளே இருபத்தைந்து வயதுக் கைரியாவும், மடியில் தூங்கிப்போன மூன்று வயது மகள் றலியாவும்.

கைரியாவின் கணவர் ஹபீல் கெலிஓயாச் சந்தியில் சின்னதாக ஒரு பிடவைக்கடை வைத்திருந்தார். வியாழன்தோறும் கொழும்பு வீதி மொத்தக் கடைகளில் துணி எடுக்க முதல் பஸ்ஸிலேயே கண்டிக்குப் போய்விடுவார். கைரியா பிள்ளையோடு கரத்தையில் பின்னால் வருவாள். திருகோணமலை வீதியிலுள்ள தன் மூத்த சகோதரி ரபீகா ராத்தாவின் வீட்டில் பகலைக் கழித்துவிட்டு மாலையில் திரும்புவாள். அவர்கள் குடும்பத்தில் பெண்கள் தெருவில் இறங்கி நடப்பதில்லை. கரத்தை ஒரு வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளும், இன்னொரு வீட்டு வாசலில் இறக்கிவிடும். இடையிலுள்ள உலகம், திரையின் இடுக்கில் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான்.

அன்று அந்த இடுக்குக்கு நேரே ஒரு பெரிய கண்ணாடி வந்து நின்றது. புதுக்கடை. மேலே பொன்னெழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவளுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் கடுதாசிப் பூக்கள் நிறைந்த ஒரு கிளை. அதன் கீழே ஒரு பொம்மை. பொம்மையின் மேல் இளநீர் வழுக்கையின் நிறத்தில் ஒரு கவுன்.

கைரியா பிடவை வியாபாரியின் மகள், பிடவை வியாபாரியின் மனைவி. பத்து வயதில் ஊசி பிடித்தவள். துணி எப்படி நடந்துகொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் துணி அப்படி நடந்துகொள்ளவில்லை. இடுப்பில் சுருக்கில்லை, மடிப்பில்லை, நாடாவும் இல்லை. ஆனாலும் அது பொம்மையின் உடம்போடு ஒட்டி வழிந்து, முழங்காலடியில் அலையாகப் பிரிந்தது. எப்படி? அவள் திரையை இன்னும் இரண்டு விரல் விலக்கினாள்.

அதற்குள் கார் உறுமிக் கிளம்பியது. வரிசை நகர்ந்தது.

"லெட்சுமணன், நிப்பாட்டுங்க! கொஞ்சம் நிப்பாட்டுங்க!"

"நடு ரோட்டுலயாம்மா?" என்றார் கரத்தைக்காரர். "பின்னால துரைமாருங்க ஹோன் அடிக்கிறாங்க."

கைரியா கழுத்தை வளைத்துப் பார்த்தாள். கடை மறைந்துவிட்டது.

லெட்சுமணன் மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவர். கொழுந்து மூட்டை ஏற்றிய வண்டியில் தொடங்கி, நாற்பது வயதில் சொந்தமாக ஒரு கரத்தையும் ஒரு மாடும் வாங்கியவர். அதிகம் கேள்வி கேட்கமாட்டார். அடுத்த வியாழன் அந்தக் கடைக்கு முன்னால் கைரியா "நிப்பாட்டுங்க" என்றபோது, அவர் இறங்கி நுகத்தடிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அதற்கடுத்த வியாழன் மாட்டின் காலைத் தூக்கி லாடத்தைப் பார்த்தார். ஒரு மாதத்தில் மாட்டுக்கே பழகிவிட்டது. யாரும் சொல்லாமலே கண்ணாடிக்கு நேரே போய் நின்று தலையைத் தொங்கப்போட்டது.

திரை இடுக்கில் பாதிதான் தெரிந்தது. ஆகவே மீதியை லெட்சுமணன் பார்த்துச் சொன்னார். நடைபாதையில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சத்தமாக.

"இந்த வாரம் நீலமுங்கம்மா. முன்னுக்குக் கழுத்து ஒசந்து நிக்குது. பின்னுக்கு முதுகையே காணோம்."

"காணோமா? கிழிஞ்சி போய்ட்டா?"

"இல்லீங்க, வெட்டினதே அப்பிடித்தான். துணி பத்தாமப் போச்சு போல."

"கையில மடிப்பு எத்தன?"

"ரெண்டு. இருங்க, மூணு. மூணாவது உள்ளுக்குப் போயிருக்குதுங்க."

இரண்டு மூன்று மாதத்தில் லெட்சுமணனின் கண் தேறிவிட்டது. சுருக்கு எங்கே தொடங்குகிறது, பித்தான் எந்தப் பக்கம், தையல் மேலே ஓடுகிறதா உள்ளே ஓடுகிறதா என்று அவரே சொல்லத் தொடங்கினார். கைரியா ராத்தா வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அதை மனதுக்குள் பிடித்துவைத்திருப்பாள். பிறகு ஹபீலின் கடையில் சுற்றுவதற்கு வைத்திருந்த பழைய பத்திரிகைத் தாள்களில் வெட்டிப் பார்ப்பாள். தொப்பிகள், கழுத்துப் பட்டிகள், தோளில் பறக்கும் துணிகள். அவற்றைத் தைப்பதற்கில்லை, யார் போடுவது? கண்டதே போதுமான சந்தோசமாக இருந்தது. வியாழன் என்றால் அவளுக்குப் பெருநாள்.

ஆனால் அந்த முதல் கவுன் மட்டும் விடவில்லை. தாளில் வெட்டினால் தாள் விறைத்து நின்றது. துணியில் வெட்டினால் துணி சாக்குப்போலத் தொங்கியது. ஹபீல் கொடுத்த வெட்டுத்துண்டுகளில் முக்கால்வாசி தலையணைக்குள் பஞ்சாகப் போய்ச் சேர்ந்தன.

"அந்தக் கவுனுக்குள்ள ஜின் ஏதும் ஈக்கியோ என்னவோ" என்று ஹபீல் சிரித்தார்.

விடை அடுக்களையில் கிடைத்தது. அடுத்த வருஷம் ஒரு நாள், தேங்காய்ப்பூவை வெள்ளைத்துணியில் போட்டுப் பால் பிழிந்துகொண்டிருந்தாள். துணியை நூலோட்டத்தில் பிடித்து இழுத்தபோது அது பலகைபோல நின்றது. கை வழுக்கி மூலைக்கு மூலை பிடித்து இழுத்தபோது, துணி நீண்டு, நெகிழ்ந்து, உள்ளேயிருந்த தேங்காய்ப்பூவின் உருவத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. கைரியா துணியை விட்டாள். மறுபடி நேராக இழுத்தாள். மறுபடி மூலைக்கு மூலை இழுத்தாள்.

பாத்திரம் அங்கேயே இருந்தது. அவள் தையல் மெஷினுக்கு ஓடினாள்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த ஹபீல் ஒரு வாய் குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "கைரியா, இண்டைக்கு ஆணத்துல பால் இல்லியா?"

"பால் இல்ல" என்றாள் அவள், நூல் ஒட்டிய சட்டையோடு கதவடியில் நின்று. "ஆனா அந்தக் கவுன் வந்திட்டுது. துணியக் குறுக்கால வெட்டீக்கிறாங்க, றலியாட வாப்பா! மூலைக்கு மூல! நூல் ரெண்டு பக்கமும் சரிஞ்சி விழுகுது. அதான் வழியுது!"

ஹபீலுக்கு அது பாதிதான் விளங்கியது. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவரும் எழும்பி, எச்சில் கையோடு அந்தத் துண்டைப் பார்க்கப் போனார்.

கவுன் தைப்பது அவள் எண்ணம் அல்ல. அவளுக்கு வேண்டியது தான் போடக்கூடிய ஒன்று: மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை. அந்தச் சட்டைகள் எல்லாம் அக்குளில் இழுக்கும், முழங்கையில் மடங்கிப் பிதுங்கும். குறுக்கு வெட்டில் அதைத் தைத்தால்? ஆனால் குறுக்கே வெட்ட அகலத்துணி வேண்டும். ஹபீலின் கடையில் இருந்ததோ ஒடுக்கத்துணி. அந்தக் கவுனை வெட்டிய பாரிஸ்காரர்களுக்கு இல்லாத கஷ்டம் அவளுக்கு இருந்தது. பல நாள் யோசித்து, ஒடுக்கமான துண்டைச் சரிவாக வெட்டி, கையைச் சுற்றிக் கொடி படர்வதுபோலச் சுற்றினாள். ஒரே தையல். தோளில் தொடங்கி, மேற்கையைச் சுற்றி வந்து, முழங்கையைத் தாண்டி, மணிக்கட்டில் முடிந்தது. கையை மடக்கினால் சட்டையும் மடங்கியது. நீட்டினால் நீண்டது. அவள் அன்றைக்கு முழுக்கக் கையை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

1930இல் ராத்தாவின் சொந்தத்தில் ஒரு கலியாணம். பெண்கள் பகுதியில் போர்வையைக் கழற்றி வைத்ததும், கைரியாவைச் சுற்றிக் கூட்டம் கூடியது. பெரிய தட்டில் சோற்றுச் சகன் வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஆஸியா உம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கொழும்பு வீதியில் பெரிய மொத்த வியாபாரியின் மனைவி அவர். உடுப்பு விஷயத்தில் கண்டியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இத எங்க எடுத்த?"

"எடுக்கல்ல மாமி. நான் தெச்ச."

"பொய் சொல்லாத புள்ள. இது கப்பல்ல வந்த சாமான்."

கைரியா கையை உயர்த்தினாள். சட்டையின் ஓரத்தை மடித்து உள்பக்கத் தையலைக் காட்டினாள். ஆஸியா உம்மா குனிந்து, விரலால் தையலைத் தொட்டுக்கொண்டே தோள் வரை போனார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"வார வருஷம் ஏப்ரல்ல எங்கட சின்ன மகள்ட கலியாணம். அவக்கு நீதான் தெக்கணும். அதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் ஈக்கி."

மணப்பெண்ணின் சட்டைக்கு ஒடுக்கத்துணி சரிவராது. அவள் நினைத்திருந்தது நல்ல கிறேப் பட்டு. பாரமாகவும் மென்மையாகவும் விழக்கூடியது. கண்டியில் அது ஓர் இடத்தில்தான் இருந்தது: அந்தக் கண்ணாடிக்குப் பின்னால். 1931 பெப்ரவரியில், கப்பலில் புதுச் சரக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து, மாதிரித் துண்டு ஒன்றைக் கொடுத்து லெட்சுமணனை உள்ளே அனுப்பினாள்.

அவர் போன வேகத்திலேயே வெளியே வந்தார். வாசலில் நின்ற சீருடை போட்ட காவல்காரன், வெறுங்காலைப் பார்த்துவிட்டு, படியேற விடவில்லை.

"கரத்தைக்காரனுக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டான்மா" என்றார் லெட்சுமணன். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை மாட்டோடுகூட அவர் பேசவில்லை.

கைரியாவுக்கு முகம் சுட்டது. மூன்று வருஷம் வியாழன்தோறும் அந்தக் கண்ணாடியை அவர்தான் அவளுக்குப் படித்துச் சொன்னவர். அந்தக் கிழமை முழுக்க அவள் மெஷினில் இருந்தாள். வெள்ளை வாயில் என்ற மெல்லிய துணியில் ஒரு கை மட்டும் தைத்தாள். சட்டை இல்லை, ஒரு கை. அந்த ஒரே தையலை எவ்வளவு நுணுக்கமாகப் போட முடியுமோ அவ்வளவு நுணுக்கமாக.

அடுத்த வியாழன் மாடு வழக்கம்போல நின்றது. இந்தமுறை லெட்சுமணன் இறங்குமுன்பே கடைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளைப் பிளவுஸ், கறுப்புப் பாவாடை, கழுத்தில் சின்னச் சிலுவை. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் மகள், பெயர் சிவமணி. கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்து, அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமாகியிருந்தது.

"வணக்கம்" என்றாள் திரையைப் பார்த்து. "குறை நினைக்காதேங்கோ. ஒவ்வொரு வியாழனும் இந்த மாடு ஏன் எங்கட கடைக்கு முன்னால வந்து நிக்கிது எண்டு மதாம் கேக்கிறா. நானும் ஒவ்வொரு வியாழனும் தெரியாது எண்டு சொல்லுறன்."

திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. அதில் மடித்த வெள்ளைத்துணி.

"இதக் காட்டுங்க உங்கட மதாமுக்கு. மாடு ஏன் நிக்கிற எண்டு வெளங்கும்."

சிவமணி உள்ளே போனாள். சற்று நேரத்தில் கடைக்கதவு படாரென்று திறந்தது. கண்ணாடிக் கடையின் சொந்தக்காரி மதாம் ஒர்த்தான்ஸ் நடைபாதைக்கே வந்துவிட்டார். மெலிந்த, ஐம்பது தாண்டிய பிரெஞ்சுப் பெண்மணி. பாலம் கட்ட வந்த இஞ்சினியரை மணந்து இலங்கைக்கு வந்தவர்; கணவர் மறைந்த பிறகு ஊர் திரும்பாமல் கண்டியில் கடை வைத்தவர். துணிக்கையைத் தன் கையில் மாட்டியிருந்தார். நடுத்தெருவில் நின்று முழங்கையை மடக்கி நீட்டினார். மறுபடி மடக்கி நீட்டினார். பிறகு வேகமாக ஏதோ கேட்டார்.

"இதை ஆர் வெட்டினது, எங்க படிச்சது எண்டு கேக்கிறா" என்றாள் சிவமணி.

"நான்தான் வெட்டின. படிச்சது அவங்கட கண்ணாடியில."

சிவமணி மொழிபெயர்த்தாள். மதாம் திரையைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், தலையை அண்ணாந்து சிரித்தார். உள்ளே வரும்படி கையால் அழைத்தார்.

"உள்ளுக்கு வர ஏலா" என்றாள் கைரியா. "ஆம்புளைகள் நிக்கிறாங்க. எனக்கு மட்டுமில்ல, எங்கட பொம்புளைகள் ஒருத்தருக்கும் ஏலா. அதோட இன்னொண்டும் சொல்லுங்க. போன கிழமை இவர நான் அனுப்பின. படியில ஏற விடல்ல. இவர் வர ஏலாத கடைக்கு நான் எப்பிடி வார?"

சிவமணி ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னாள். மதாமின் சிரிப்பு நின்றது. அவர் லெட்சுமணனிடம் போய், தனக்குத் தெரிந்த ஐந்தாறு தமிழ்ச் சொற்களில் தேடி, "மன்னிக்க வேணும்" என்றார். கையையும் நீட்டினார். லெட்சுமணன் சாட்டையை மற்றக் கைக்கு மாற்றி, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வார செவ்வாய், விடிய ஏழு மணிக்கு" என்றாள் சிவமணி, மதாம் பேசப் பேச. "கடை திறக்க முந்தி. ஆம்பிளையள் ஒருத்தரும் நிக்கமாட்டினம். கண்ணாடிக்கும் சீலை போட்டு மூடிவிடுவம். ஆரையெல்லாம் கூட்டிக்கொண்டு வர விருப்பமோ, கூட்டிக்கொண்டு வாங்கோ."

செய்தி திருகோணமலை வீதியிலிருந்து கட்டுக்கலை வரை இரண்டு நாளில் பரவியது. எதிர்ப்பும் வந்தது. ஹபீலின் அண்ணன், அவர் நானா என்று அழைக்கும் மக்கீன், கெலிஓயாக் கடைக்கே வந்து கத்தினார்.

"வெள்ளக்காரிட கடைக்கு எங்கட பொம்புளைகள் போற எண்டா என்ன மானம்? நீ ஒண்டும் கேக்கிற இல்லியா?"

"கேட்ட, நானா" என்றார் ஹபீல் அமைதியாக. "ஆம்புள ஒருத்தரும் இல்ல, தெருவுக்கு ஒண்டும் தெரியாது, கரத்த வாசல்லயே நிக்கும். கலியாண வீட்டுக்குப் போறதும் இப்பிடித்தானே? அதுக்கு மேல கேக்க எனக்கு ஒண்டும் இல்ல."

செவ்வாய்க்கிழமை காலை வாவியில் பனி கலையுமுன்பே வார்ட் வீதியில் சக்கரச் சத்தம் கேட்டது. முன்னால் லெட்சுமணனின் கரத்தை. அதோடு சேர்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது கரத்தைகள். பச்சைத் திரை, நீலத் திரை, பூப்போட்ட திரை. ஒவ்வொன்றாகக் கடை வாசலோடு ஒட்டி நின்று, இறக்கி, நகர்ந்தன. எதிர்ச்சாரியில் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையும் கையுமாக எழும்பி நின்று பார்த்தார்கள். அவர்களில் மக்கீனும் ஒருவர். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். ஒன்பதாவது கரத்தையை ஓட்டி வந்தவன் தன் சொந்த வண்டிக்காரன் என்று கண்டதும், கோப்பையை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டார்.

உள்ளே போர்வைகள் கழன்றன. முதலில் யாரும் எதையும் தொடவில்லை. கம்பளத்தின் ஓரத்தில் கூட்டமாக நின்றார்கள். பிறகு ரபீகா ஒரு வைக்கோல் தொப்பியை எடுத்து, முக்காட்டுக்கு மேலேயே வைத்துத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். சிரிப்பு வெடித்தது. இழுப்பறைகள் திறந்தன. நாடாக்கள் சுருள் சுருளாக இறங்கின. ஆஸியா உம்மா வாசனைக் குப்பிகளை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து, "இது மல்லிக, இது என்னெண்டு தெரியா, இது வேணாம்" என்று தீர்ப்புச் சொன்னார். மக்கீனின் மனைவி கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கழற்ற மனமில்லாமல் கடைசிவரை அதோடேயே நடந்தார்.

கைரியா மூன்று மடிப்புக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். வீட்டில் இருந்தது முகம் பார்க்கிற கண்ணாடி. இங்கே தலையிலிருந்து கால்வரை அவள் நின்றாள், பக்கத்தில் நின்றாள், பின்னாலும் நின்றாள்.

"என்ன பாக்கிற?" என்று ரபீகா கேட்டாள்.

"இருவத்தெட்டு வருஷமா என்னோட வார முதுகு, ராத்தா. இண்டைக்குத்தான் கண்ட." அவள் தோளைத் திருப்பிப் பார்த்தாள். "சட்ட நல்லா விழுந்தீக்கி."

அந்த வெள்ளைக் கடுதாசிப் பூக்களைப் பற்றியும் அன்றுதான் கேட்டாள். மதாமின் நாட்டில் குளிர்காலம் முடிகிற நேரம் இது என்று சிவமணி சொன்னாள். மரமெல்லாம் ஒரே கிழமையில் பூக்கும். பெண்கள் கனத்த கோட்டையெல்லாம் அலுமாரியில் வைத்துவிட்டு, புது உடுப்போடு தெருவில் இறங்கிக் கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். வாங்காவிட்டாலும் நடப்பார்கள். அதுதான் அங்கே வசந்தம்.

"எங்களுக்கும் இதுதானே மாசம்" என்றாள் கைரியா. "பேராதனை றோட்டு முழுக்க முள்முருக்குப் பூத்து நெருப்பு மாதிரி ஈக்கி. மதாம் ஏன் கடுதாசி ஒட்டுற?"

துணி எடுக்கும்போது மதாம் தந்த நிற வெள்ளைப் பட்டை விரித்தார். மணப்பெண்ணுக்கு அதுதான் என்றார். கைரியா தலையை ஆட்டினாள். "வெள்ளையக் கண்டா மாப்புள வீட்டாக்கள் திரும்பிப் போயிடுவாங்க." அவள் கை போய் நின்றது மாதுளம்பூ நிறக் கிறேப்பில்.

கெலிஓயாவில் அந்தப் பட்டை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். கிழிந்தால் கண்டியில் இன்னொரு துண்டு இல்லை. பிஸ்மி சொல்லி வெட்டினாள். குறுக்கே வெட்டிய துணி தன் பாரத்தில் தானே இழுபட்டு நீளும் என்று பழைய தோல்விகளில் கற்றிருந்தாள். வெட்டிய துண்டுகளை அறைக்குள் கயிற்றில் தொங்கவிட்டு, இரண்டு நாள் ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஹபீல் தன் மேல்சட்டையை வெளியே நின்று கேட்டு வாங்கினார். மூன்றாம் நாள் தைக்கத் தொடங்கி, எட்டாம் நாள் முடித்தாள்.

மதாம் அதை உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: கலியாணத்துக்கு முதல் ஒரு கிழமை அது தன் கண்ணாடியில் நிற்க வேண்டும். ஆஸியா உம்மா, "கண்ணூறு படும்" என்று முதலில் மறுத்தார். பிறகு யோசித்து, "கண்டி முழுக்கப் பாக்கட்டும், எங்கட மகள்டதானே" என்று விட்டுக்கொடுத்தார்.

"அட்டையில என்ன எழுதிறது?" என்று சிவமணி கேட்டாள். "வழக்கமா பாரிஸ் எண்டுதான் போடுறது."

"என்ட பேரப் போடுங்க. ஊரையும் போடுங்க."

ஏப்ரல் முதல் வியாழன் லெட்சுமணனின் மாடு வார்ட் வீதியில் நிற்க இடமில்லாமல் தடுமாறியது. கண்ணாடிக்கு முன்னால் அவ்வளவு சனம். தோட்டங்களிலிருந்து வந்த துரைசானிகள், பள்ளிக்கூட ஆசிரியைகள், கச்சேரிக் கிளாக்குகள், பூக்கூடையோடு தலதா மாளிகைக்குப் போகிறவர்கள். உள்ளே கடுதாசிப் பூ இல்லை. செக்கச்செவேலென்று முள்முருக்குக் கிளைகள். லெட்சுமணனே விடியற்காலையில் பேராதனையில் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தவை. நடுவில் மாதுளம்பூ நிறச் சட்டை. கீழே அட்டையில் ஆங்கிலத்திலும் தமிழிலும்: கைரியா, கெலிஓயா.

அன்று ஹபீல் கொழும்பு வீதிக்குப் போகவில்லை. கூட்டத்துக்குள் நின்றார். தெரியாத ஒருவரிடம், "இது எங்கட வீட்டுல தெச்ச" என்றார். அந்த ஆள் நம்பவில்லை என்று கண்டதும் அடுத்தவரிடம் சொன்னார்.

ஒரு துரைசானி உள்ளே போய், இது பாரிஸில் எந்தத் தையற்கடையின் வேலை என்று மதாமைக் கேட்டாள். "கெலிஓயா" என்றார் மதாம். பாரிஸில் கெலிஓயா எந்தப் பக்கம் என்று அந்த அம்மா நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சிவமணி பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இரண்டு பேர் என்ன விலையென்றாலும் தருவதாகச் சொன்னார்கள். விற்பனைக்கில்லை என்ற பதிலை மதாம் மிகவும் அனுபவித்துச் சொன்னார்.

கரத்தைக்குள் கைரியா திரையை விலக்கினாள். முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன.

"லெட்சுமணன், எனக்கு ஒண்டும் தெரியுதில்ல."

அவர் மாட்டின் மேல் சாட்டையை வைத்துவிட்டு, கூட்டத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தார். குரலைச் செருமிக்கொண்டார்.

"இந்த வாரம் மாதுளம்பூ நிறமுங்கம்மா. கழுத்து சின்னதா, அடக்கமா நிக்குது. இடுப்புல சுருக்கு இல்ல. கையில ஒரே ஒரு தையலு, தோள்லருந்து சுத்திச் சுத்தி இறங்குது." அவர் நிறுத்தினார். "நான் பாத்ததுலயே இதுதாம்மா நல்ல உடுப்பு. சும்மா சொல்லல."

திரைக்குள் கைரியா தன் கையை மடக்கி நீட்டினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார்.

ஆஸியா உம்மாவின் மகள் அந்தச் சட்டையோடு கலியாணத்தில் இருந்தாள். அந்த வருஷமே கண்டியில் இன்னும் பதினொரு மணப்பெண்கள் அதைக் கேட்டார்கள். மதாம் தன் கடையில் சம்பளத்துக்கு வரச் சொன்னார், கைரியா மறுத்தாள். வீட்டிலிருந்துதான் தைப்பேன், ஒவ்வொரு உருப்படியின் உள்ளேயும் என் பெயர் இருக்க வேண்டும் என்றாள். உள்ளே வைத்துத் தைக்கும் சின்ன நாடாவில் கறுப்பு நூலால் பெயரை எழுதித் தந்தவள் சிவமணி. செவ்வாய்க் காலை மாதம் ஒருமுறை நிலைத்தது. முதலில் முஸ்லிம் பெண்கள் மட்டும். பிறகு கூட்டமில்லாத கடையை விரும்பிய யாழ்ப்பாணத்துக் கிளாக்குகளின் மனைவிமார். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு, புதுச் சேலையில், லெட்சுமணனின் மனைவி சுப்பம்மா. வாசல் காவல்காரன் அந்த நேரம் வீட்டில் இருப்பான், அவளைப் பார்க்கமாட்டான் என்பது லெட்சுமணனுக்கு ஒரு சின்ன வருத்தம்.

1936இல் கெலிஓயாச் சந்தியில் பிடவைக்கடையோடு சேர்த்து கைரியாவுக்குத் தனி அறை எழும்பிவிட்டது. பெண்களுக்குத் தனி வாசல், மூன்று மடிப்புக் கண்ணாடி, நாலு மெஷின், நாலு பெண்கள்.

அந்த வருஷம் மார்ச்சில் ஒரு நாள், புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. நுவரெலியாவிலிருந்து ஒரு துரைசானி. கையில் பெரிய அட்டைப்பெட்டி. அவளுடைய ஆயா மொழிபெயர்த்தாள்: போன மாதம்தான் பாரிஸிலிருந்து வந்த கவுன், அடுத்த கிழமை கண்டியில் நடன விருந்து, ஆனால் போட்டால் ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. கொழும்பில் இரண்டு இடத்தில் காட்டியாயிற்று. ஒருவருக்கும் தெரியவில்லை.

கைரியா கவுனை மேசையில் விரித்தாள். சாம்பல் நிறப் பட்டு, விரலுக்குள் தண்ணீர்போல ஓடியது. ஒரு நிமிஷம் அதன் அழகை மட்டும் பார்த்தாள். பிறகு ஓரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, நூல் எந்தப் பக்கம் சரிகிறது என்று கண்ணால் தொடர்ந்தாள். இடது பக்கம் சரி. வலது பக்கம் ஓர் அரை விரல் பிசகியிருந்தது.

"பாரிஸ்ல வெட்டினவங்க அவசரப்பட்டீக்கிறாங்க" என்றாள். "தொங்கவிடாம தெச்சீக்கிறாங்க."

ஆயா அதைச் சொன்னதும் துரைசானி திகைத்தாள். சரிசெய்ய முடியுமா என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை வரச் சொல்லுங்க" என்றாள் கைரியா, ஊசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டே.